மழை வந்த பிறகும் மரங்கள் பட்டுப்போவது ஏன்? வறட்சியில் ஒரு தென்னைக்குள் நடப்பது என்ன?

2016-ம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டை மொத்தமாக ஏமாற்றியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுமார் 440 மில்லிமீட்டர் மழை பெய்திருக்க வேண்டும். பெய்தது சுமார் 168 மில்லிமீட்டர்தான். அதாவது 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் அப்போதைய முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம், மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்.

நெல்லும் பயறும் அந்தப் பருவத்திலேயே கருகிவிட்டன. நஷ்டம் எவ்வளவு என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. ஆனா தென்னை விஷயம் வேற. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை பக்கத்துத் தோப்புகளில் மட்டைகள் தொங்கின, குரும்பைகள் கொட்டின. 2017-ல் தென்மேற்குப் பருவமழை ஓரளவு கைகொடுத்தும் காய்ப்பு உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடவில்லை.

"அதான் மழை வந்துடுச்சே, இனி மரம் தப்பிச்சுடும்" என்றுதான் எல்லோரும் நினைப்போம். மரத்தின் கணக்கு அப்படி இல்லை. வறட்சியில் பட்ட அடியை மரம் மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் தாமதமாகத்தான் வெளியே காட்டும். ஏன் இப்படி? மரத்துக்குள்ளே என்னதான் நடக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

மோட்டார் இல்லாமல் தண்ணீர் மேலே ஏறுவது எப்படி?

கிணற்று மேட்டில் வைத்த மோட்டார், தண்ணீர் 7, 8 மீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் இழுக்கத் திணறும். கொள்கை அளவில்கூட சுமார் 10 மீட்டர்தான் அதற்கு எல்லை. அதனாலதான் போர்வெல்லில் மோட்டாரையே தண்ணிக்குள் இறக்கிவிடுகிறோம்.

ஆனால் ஒரு தென்னை 20 மீட்டர் உயரத்துக்கு மேல் சர்வசாதாரணமாகத் தண்ணீரை ஏற்றுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள செம்மரக் காடுகளில் 115 மீட்டருக்கும் அதிக உயரமான மரம்கூட இருக்கிறது. (நம்மூர் செஞ்சந்தனத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.) அங்கே எந்த மோட்டாரும் இல்லை.

ரகசியம் இலையில் இருக்கிறது. இலையின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான துளைகள் உண்டு. இவற்றை இலைத்துளைகள் என்கிறோம். இவை வழியாக நீராவி வெளியேறும்போது, அந்த இடத்தை நிரப்பப் பின்னாலிருக்கும் தண்ணீர் முன்னே நகர்கிறது. தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும் குணம் கொண்டவை. அதனால் இலையிலிருந்து வேர் வரை ஒரே நூல் போல மொத்தத் தண்ணீரும் மேலே இழுபடுகிறது. இந்த நூல் ஓடும் மெல்லிய குழாய்களுக்கு 'சைலம்' என்று பெயர். டிக்சன், ஜோலி என்ற இரு விஞ்ஞானிகள் 1894-ல் முன்வைத்த விளக்கம் இது. இன்றுவரை இதுதான் பெரும்பாலான விஞ்ஞானிகள் ஏற்கும் விளக்கம்.

முக்கியமான விஷயம் என்னவென்றால், இந்தத் தண்ணீர் கீழிருந்து தள்ளப்படுவதில்லை, மேலிருந்து இழுக்கப்படுகிறது. நல்ல வெயில் நேரத்தில் அந்த இழுவிசை, நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல 10, 20 மடங்கு வரைகூடப் போகும். இழுத்துக் கட்டிய நூல் எப்போதும் அறுபடும் அபாயத்தில்தானே இருக்கும்? மரத்தின் நிலைமையும் அதுதான்.

துளையை மூடினால் பட்டினி, திறந்தால் தாகம்

வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கும் மேல் இலை வழியாக ஆவியாகி வெளியே போய்விடுகிறது. மரம் தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்வது மிகச் சொற்பம். இவ்வளவு தண்ணீரை ஏன் வீணாக்க வேண்டும் என்று கேட்கலாம்.

வேற வழியில்லை என்பதுதான் பதில். உணவு தயாரிக்க மரத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அது உள்ளே வரவும் அதே இலைத்துளைதான் வாசல். கதவைத் திறந்தால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும், தண்ணீர் வெளியே போகும். ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடை உள்ளே எடுக்க, நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளை மரம் விலையாகக் கொடுக்கிறது.

மண் காயத் தொடங்கியதும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் மரத்தில் அதிகமாகச் சுரக்கும். ஒவ்வொரு இலைத்துளையின் இரு பக்கமும் காவல் செல்கள் நிற்கின்றன. ஹார்மோன் வந்து சேர்ந்ததும் இந்த செல்கள் தண்ணீரை இழந்து தளர்ந்துவிடும். துளை மூடிக்கொள்ளும். காலையில் கொஞ்ச நேரம் மட்டும் திறந்துவிட்டு, வெயில் ஏறியதும் மூடிவிடும் மரங்களும் உண்டு.

தண்ணீர் மிச்சமாகிவிட்டது, சரி. ஆனா சமையலும் நின்றுபோச்சு. மரம் இனி கையிருப்பில் இருக்கும் மாவுச்சத்தைக் கரைத்துத்தான் உயிர் வாழ வேண்டும். வருமானம் நின்ற குடும்பம் சேமிப்பை எடுத்துச் செலவு செய்வது போலத்தான் இதுவும். ஒரு மாதம், இரண்டு மாதம் சமாளிக்கலாம். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று நீண்டால்?

இதில் எல்லா மரங்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சில மரங்கள் படுசிக்கனம். லேசாக மண் காய்ந்ததுமே கதவைச் சாத்திவிடும். சில மரங்களோ துணிச்சல்காரர்கள். மண் எவ்வளவு காய்ந்தாலும் கடைசி வரை திறந்து வைத்து உணவு தயாரிக்கும். முதுமலை போன்ற இலையுதிர் காடுகளில் இருக்கும் தேக்குக்கு மூன்றாவது வழி ஒன்று தெரியும். கோடை வருவதற்கு முன்பே இலைகளை மொத்தமாக உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். பார்ப்பதற்குப் பட்ட மரம் மாதிரி இருந்தாலும் அது சாகவில்லை, கடையைச் சாத்திவிட்டுக் காத்திருக்கிறது.

தண்ணீர் நூல் அறுந்தால் என்னாகும்?

இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறோம். அந்த ஸ்ட்ராவில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால்? எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வரும், இளநீர் வராது. மரத்தின் சைலம் குழாய்க்கும் இதே கதிதான்.

மண்ணில் தண்ணீர் குறையக் குறைய, மரம் இன்னும் பலமாக இழுக்க வேண்டியிருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்த நூல் தாங்காது. பக்கத்துக் குழாயிலிருந்தோ, திசுக்களின் இடைவெளியிலிருந்தோ ஒரு காற்றுக் குமிழி உள்ளே நுழைந்துவிடும். நூல் பட்டென்று அறுந்து, அந்தக் குழாய் முழுக்கக் காற்று அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தக் குழாயில் தண்ணீர் ஓடாது. ஒரு குழாய் அடைபட்டால் அதன் பாரமும் மற்ற குழாய்கள் மேல் ஏறும். அவற்றில் இழுவிசை கூடும். அடுத்து அவையும் அறுபடத் தொடங்கும்.

இந்த அறுபடலுக்குச் சத்தம்கூட உண்டு, நம் காதுக்குத்தான் கேட்காது. இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் 'செல்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தண்ணீர் ஊற்றாமல் விட்ட தக்காளி, புகையிலைச் செடிகள் மணிக்குப் பல முறை 'டிக் டிக்' என மீயொலி எழுப்பியதைப் பதிவு செய்திருந்தார்கள். நன்றாகத் தண்ணீர் ஊற்றிய செடிகளில் சராசரியாக மணிக்கு ஒரு சத்தத்துக்கும் குறைவுதான். குழாய்களுக்குள் காற்றுக் குமிழி உருவாவதே இந்தச் சத்தத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். செடி வலியில் அழுகிறது என்றெல்லாம் அப்போது சமூக வலைதளங்களில் பரவியது. இது அழுகை இல்லை, பிளம்பிங் பிரச்சினை என்பதுதான் பொருத்தமான விளக்கம்.

சரி, நம் காடுகளுக்கு இந்த விஷயத்தில் எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது? உலகம் முழுக்க 81 இடங்களில் இருந்து 226 மர இனங்களின் தரவுகளைத் தொகுத்து 2012-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் சுமார் 70 சதவீத இனங்கள், குழாய்கள் ஆபத்தான அளவுக்கு அடைபடும் எல்லைக்கு மிக அருகில்தான் அன்றாடம் வாழ்கின்றன என்று தெரியவந்தது. மழைக்காட்டு மரமும் சரி, வறண்ட நிலத்து மரமும் சரி, இதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒவ்வொன்றும் தன் ஊர் மழைக்கு ஏற்ற மாதிரி விளிம்பு வரை போய் வாழப் பழகியிருக்கிறது. பழகிய அளவைவிட வறட்சி கொஞ்சம் கூடினாலே சிக்கல்தான்.

மரத்தைக் கொல்வது தாகமா, பட்டினியா?

விஞ்ஞானிகள் இதைப் பல ஆண்டுகளாக விவாதித்து வருகிறார்கள். குழாய்கள் அடைபட்டு தாகத்தில் சாகிறதா, கதவைச் சாத்தியே வைத்திருந்து பட்டினியில் சாகிறதா?

இதற்காக பிரேசிலின் அமேசான் காட்டில், காஷியுவானா என்ற இடத்தில் ஒரு பெரிய சோதனை நடந்தது. ஒரு ஹெக்டேர் காட்டில் தரைக்குச் சற்று மேலே தகடுகளைப் பொருத்தி, பெய்யும் மழையில் சுமார் பாதியை மண்ணுக்குப் போகவிடாமல் தடுத்தார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக. பெரிய மரங்கள்தான் அதிகம் செத்தன. ஆனால் அங்கிருந்த மரங்களின் உணவுக் கையிருப்பு தீர்ந்துபோகவில்லை. தண்ணீர்க் குழாய்கள் செயலிழந்ததுதான் மரணத்தைத் தொடங்கி வைக்கிறது என்று 2015-ல் வெளியான முடிவுகள் காட்டின.

அதற்காகப் பட்டினிக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கையிருப்பு குறைந்த மரத்தால் பூச்சியை எதிர்க்கத் தேவையான பிசினையும் வேதிப்பொருட்களையும் தயாரிக்க முடியாது. புது வேரும் விடாது. பல இடங்களில் கடைசி அடியைக் கொடுப்பது பூச்சிதான். வறட்சி, மரத்தை அந்தப் பூச்சிக்கு இரையாக்கிவிடுகிறது.

மழை வந்த பிறகும் சாவது ஏன்?

கலிபோர்னியா இதற்குத் தெளிவான உதாரணம். அங்கே 2012 முதல் 2016 வரை கடும் வறட்சி. 2016 நவம்பர் கணக்கின்படி, 2010-ல் இருந்து 10.2 கோடி மரங்கள் பட்டுப்போயிருந்தன. அதன் பிறகு வந்த குளிர்காலத்தில் மழையும் பனியும் கொட்டித் தீர்த்தன. 2017 ஏப்ரலில் பெரும்பாலான பகுதிகளில் வறட்சி அவசரநிலையும் விலக்கப்பட்டது. ஆனால் 2017 டிசம்பரில் அமெரிக்க வனத்துறை மறுபடியும் எண்ணியபோது, இடைப்பட்ட காலத்தில் மேலும் 2.7 கோடி மரங்கள் செத்திருந்தன. மொத்த எண்ணிக்கை 12.9 கோடி.

அவ்வளவு மழைக்குப் பிறகும் ஏன்? மூன்று காரணங்கள்.

முதலாவது, குழாய் அடைப்பு. மண் நனைந்துவிட்டது. ஆனால் மண்ணில் இருக்கும் தண்ணீரை மேலே கொண்டுபோக வேண்டிய குழாய்களில் பாதி அடைபட்டுக் கிடக்கின்றன. தொட்டி நிறைய தண்ணி இருந்தும் பைப் அடைத்திருந்தால் குழாயில் சொட்டு வராது, இல்லையா? அப்படித்தான்.

இரண்டாவது, வேர். மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது பெரிய வேர்கள் இல்லை, நூல் போன்ற சல்லி வேர்கள். வறட்சியில் முதலில் சாவது அவைதான். அவற்றை மறுபடி உருவாக்க உணவுக் கையிருப்பு வேண்டும். அதுவோ கரைந்துபோயிருக்கிறது.

மூன்றாவது, பூச்சியும் பூஞ்சையும். மழைக்கு முன்பே பலவீனமான மரத்துக்குள் அவை புகுந்திருக்கும். மழை வந்துவிட்டது என்பதற்காக அவை வெளியேறிவிடாது.

பிழைத்த மரங்களும் உடனே பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை. உலகம் முழுக்க 1,338 இடங்களில் இருந்து மர வளையங்களை ஆராய்ந்த ஒரு குழு, 2015-ல் 'சயின்ஸ்' இதழில் அதைக் காட்டியது. கடும் வறட்சிக்குப் பிறகு 1 முதல் 4 ஆண்டுகள் வரை மரங்களின் வளர்ச்சி இயல்பைவிடக் குறைந்தே இருந்தது.

தென்னைக்கு மட்டும் ஏன் கூடுதல் சிக்கல்?

வேம்பு, புளி, மா போன்ற மரங்களில் பட்டைக்கு உட்புறம் ஒரு வளர்படை உண்டு. வருஷா வருஷம் அது புது மரக்கட்டையை, அதாவது புதுக் குழாய்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும். பழைய குழாய்கள் அடைபட்டாலும், நல்ல மழை பெய்தால் புதுக் குழாய்களை வைத்து மீண்டு வரலாம். அதனால்தான் இந்த மரங்கள் ஆண்டுக்காண்டு பருக்கின்றன.

தென்னையிலும் பனையிலும் இந்த வளர்படை கிடையாது. இவை தாவரவியல்படி புல் இருக்கும் அதே பெரும்பிரிவைச் சேர்ந்தவை. ஒரு முறை உருவான தண்டு அவ்வளவுதான், பிறகு புதுக் கட்டை போடாது. 50 ஆண்டுத் தென்னையின் அடிமரத்தில் இருக்கும் குழாய்கள், அந்தப் பகுதி உருவானபோதே அமைந்தவை. அவற்றை வைத்துத்தான் ஆயுள் முழுக்க ஓட்ட வேண்டும்.

அதனால் பனைக் குடும்ப மரங்களுக்கு ஒரு தற்காப்பு உத்தி உண்டு. தண்டுக்குள் பஞ்சு போன்ற திசுக்களில் நிறையத் தண்ணீரைச் சேமித்து வைக்கின்றன. வறட்சி முற்றினால், காற்றடைப்பு தண்டில் ஏற்படுவதற்கு முன் மட்டையின் காம்பில் ஏற்படுகிறது. அதாவது மட்டையைப் பலி கொடுத்துத் தண்டையும் குருத்தையும் காப்பாற்றுகிறது. அடிமட்டைகள் மரத்தோடு ஒட்டித் தொங்கிக் காய்வதை இப்படித்தான் பார்க்க வேண்டும். ஓலையின் மேலிருக்கும் மெழுகுப் படலமும் வறட்சியில் தடிமனாகும்.

தென்னைக்கு இன்னொரு பலவீனம், ஆணிவேர் இல்லை. சல்லி வேர்கள்தான். நன்றாகப் பராமரிக்கும் தோப்பில் பெரும்பாலான வேர்கள் அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தூரத்துக்குள், சுமார் ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. சீமைக்கருவேலம் இதற்கு நேர் எதிர். அந்த இன வகை மரம் ஒன்றின் வேர், அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டதாகப் பதிவு உண்டு. கோடையில் சுற்றியுள்ள எல்லாம் காய்ந்தாலும் சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்பதற்கு ஆழமான வேர் ஒரு முக்கியக் காரணம். தென்னைக்கு அந்த வசதி இல்லை. மேல்மண் காய்ந்தால் அதற்கு மாற்று வழி கிடையாது.

வளரும் காலத்தில் வந்த நீண்ட வறட்சியைச் சில தென்னைகளின் உடம்பிலேயே பார்க்கலாம். தண்டு ஒரு இடத்தில் மட்டும் ஒடுங்கி, மேலே மறுபடி அகன்று போயிருக்கும். பின்னால் பருக்க வழியில்லாததால் அந்த ஒடுங்கிய இடுப்பு அப்படியே நிலைத்துவிடுகிறது.

இந்த வறட்சி, எந்த வருஷத்துக் காயைப் பாதிக்கும்?

தென்னை விவசாயிகள் கவனிக்க வேண்டிய முக்கியமான பகுதி இதுதான்.

நல்ல நிலையில் இருக்கும் நெட்டைத் தென்னை மாதத்துக்கு ஒரு மட்டை வீதம், ஆண்டுக்கு சுமார் 12 மட்டை விடும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. அந்தப் பாளைக்கான கரு, பாளை வெடிப்பதற்கு சுமார் 32 மாதங்களுக்கு முன்பே குருத்துக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. பாளை வெடித்த பிறகு காய் முற்ற மேலும் 11 முதல் 12 மாதம். ஆக, கரு முதல் முற்றிய தேங்காய் வரை மூன்றரை ஆண்டுக்கும் மேல்.

இதை வறட்சியோடு சேர்த்துப் பாருங்கள். வறட்சி வரும் நேரத்தில் மரத்தில் எல்லா வயதுப் பாளைகளும் வரிசையாக இருக்கும். முற்றும் நிலையில் இருக்கும் குலையில் காய் சிறுத்துப்போகும், ஒல்லிக்காய் கூடும். அப்போதுதான் வெடித்த பாளையில் குரும்பை கொட்டும். இன்னும் வெடிக்காத பாளை உள்ளேயே கருகலாம். அதற்கும் இளைய கருவில் பெண்பூக்களின் எண்ணிக்கை குறையலாம். கடைசியாகச் சொன்ன பாதிப்பு வெளியே தெரிய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். "இந்த வருஷம் மழை நல்லாத்தானே பெஞ்சுது, ஏன் காய்ப்பு இல்ல?" என்ற கேள்விக்கான பதில், பல நேரங்களில் மூன்று வருஷம் முந்தைய கோடையில் இருக்கிறது.

இது வெறும் அறிவியல் தகவல் இல்லை, பணம் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. வறட்சி சேதத்தை அந்த ஆண்டில் பட்டுப்போன மரங்களை மட்டும் வைத்து எண்ணினால், அடுத்த ஆண்டுகளில் விழப்போகும் காய்ப்பு கணக்கில் வராது. செத்த மரத்துக்குப் பதிலாக நெட்டை ரகக் கன்றை வைத்தாலும் அது காய்ப்புக்கு வர 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும்.

இன்னொரு பக்கம் பூச்சி. தென்னையைத் தாக்கும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் 2016-ல், அதே பொள்ளாச்சிப் பகுதியில்தான். ஏற்கெனவே மழையில்லாமல் தவித்த மரங்கள் மேல் அது கூடுதல் சுமையானது.

வெயிலும் சேர்ந்தால்?

மழை இல்லாமல் போவது ஒரு அடி. வெப்பம் கூடுவது அதற்கு மேல் இன்னொரு அடி. காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால், அது தாங்கிக்கொள்ளக்கூடிய நீராவியின் அளவு சுமார் 7 சதவீதம் கூடும். சுருக்கமாகச் சொன்னால் காற்றுக்கும் தாகம் எடுக்கும். அதே மண் ஈரத்தில்கூட, வெயில் கூடும்போது இலை அதிகத் தண்ணீரை இழக்கும்.

நமக்கு வியர்வை எப்படியோ, இலைக்கு நீராவி அப்படி. அது வெளியேறும்போது இலை குளிர்கிறது. வறட்சியில் கதவைச் சாத்திவிட்டால் அந்தக் குளிர்ச்சியும் போய், இலை சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகிவிடும். வெப்பமண்டல மரங்களின் இலைகளில் ஒளிச்சேர்க்கை இயந்திரம் செயலிழக்கத் தொடங்கும் வெப்பநிலை சராசரியாக 46.7 டிகிரி செல்சியஸ் என்கிறது 2023-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்களில் வெயில் படும் இலைக்கு இது வெகு தூரத்தில் இருக்கும் எண் இல்லை.

தண்ணீர் தேங்கி நின்றாலும் மரம் வாடுவது ஏன்?

பலரையும் குழப்பும் விஷயம் இது. வெள்ளம் சூழ்ந்த மரம், தண்ணீருக்கு நடுவே நின்றுகொண்டே வாடும். வேரும் சுவாசிக்கும், அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். காற்றில் பரவுவதைவிட தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மண்ணின் இண்டு இடுக்கெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுத் திணறும். மூச்சில்லாத வேரால் தண்ணீரை உள்ளே எடுக்க முடியாது. இலைக்குத் தண்ணீர் வராததால் துளைகள் மூடும், இலை தொங்கும். வெளியே பார்த்தால் வறட்சி மாதிரியேதான் இருக்கும். அதைப் பார்த்து இன்னும் தண்ணி ஊற்றினால் மரத்தின் கதை முடிந்தது.

உப்புத் தண்ணீரும் இப்படித்தான். மண் நீரில் உப்பு கூடினால், ஈரம் இருந்தும் வேரால் அதை எளிதாக இழுக்க முடியாது. பிச்சாவரம் அலையாத்தி மரங்கள் இதற்கு வழி கண்டுபிடித்தவை. வெண்கண்டல் மரம் பெரும்பாலான உப்பை வேரிலேயே வடிகட்டிவிடும். மீறி வருவதை இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றும். சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் மூச்சு வேர்கள், ஆக்சிஜன் பிரச்சினைக்கான தீர்வு.

என்ன செய்யலாம்?

முதல் விஷயம், அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. தென்னையில் அடிமட்டைகள் தொங்குவதும் குரும்பை கொட்டுவதும் தெரியும்போதே மரம் பல வாரங்களாகக் கஷ்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். குருத்து வாடத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது. தென்னைக்கு வளரும் முனை அந்த ஒன்றுதான்.

இரண்டாவது, இருக்கும் ஈரத்தைக் காப்பது. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து மூடாக்கு போடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். தேங்காய் மட்டை என்றால் குவிந்த பக்கம் மேலே பார்த்தபடி 100 மட்டைகள், காய்ந்த ஓலை என்றால் 15, தென்னை நார்க்கழிவு என்றால் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு. வேர்களில் பெரும்பகுதி அந்த வட்டத்துக்குள் இருப்பதால் இதற்கு நேரடிப் பலன் உண்டு. மழைக்காலம் முடிந்து மண் ஈரமாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும், மண் காய்ந்த பிறகு இல்லை.

மூன்றாவது, இருக்கும் தண்ணீர் கொஞ்சம்தான் என்றால் சொட்டுநீர். பச்சை மட்டையைத் தேவையில்லாமல் வெட்டக் கூடாது, மரத்தின் சமையலறையே அதுதான். புதிதாக நடுபவர்கள், பாசன வசதி குறைந்த இடத்தில் குட்டை ரகங்களைத் தவிர்ப்பது நல்லது. பொதுவாக நெட்டை ரகங்கள் அவற்றைவிட வறட்சியைத் தாங்கும்.

நான்காவது, பலரும் விட்டுவிடும் விஷயம். மழை வந்ததும் கவனிப்பை நிறுத்திவிடக் கூடாது. அடுத்த சில மாதங்களில் சல்லி வேர் புதிதாக வர வேண்டும், கையிருப்பு மறுபடி சேர வேண்டும். மண்ணில் போதிய ஈரம் வந்த பிறகு பரிந்துரைத்த அளவில் உரம் கொடுக்கலாம். காய்ந்த மண்ணில் உரம் போட்டால் வேர்ப்பகுதியில் உப்புச் செறிவு கூடி, தாகம்தான் அதிகமாகும். மழை இடைவெளி விட்டால் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பூச்சித் தாக்குதலை அந்த ஓராண்டு முழுக்கக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

வீட்டு வாசலிலும் தெருவோரத்திலும் மரம் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். அடிமரம் வரை சிமென்ட் பூசிவிட்டால் தண்ணீரும் போகாது, காற்றும் போகாது. கோடையில் தினமும் ஒரு குவளை தெளிப்பதைவிட, சில நாட்களுக்கு ஒரு முறை மெதுவாக, ஆழமாக இறங்கும்படி ஊற்றுவது மேல். வளர்ந்த மரம் என்றால் அடிமரத்தை ஒட்டி ஊற்றாமல், கிளைகளின் நிழல் விழும் வட்டத்தை ஒட்டி ஊற்ற வேண்டும். உறிஞ்சும் வேர்கள் அங்கேதான் அதிகம்.

கோடையில் இலை உதிர்த்து நிற்கும் மரத்தைப் பார்த்ததும் பட்டுப்போச்சு என்று வெட்டிவிடவும் வேண்டாம். ஒரு சின்னக் கிளையில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. ஒரு கிளை காய்ந்திருந்தாலும், இன்னொன்றையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தென்னைக்கும் பனைக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றுக்குப் பார்க்க வேண்டியது குருத்தை மட்டும்தான்.